மைக் வைக்காத பக்கம்

எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் பின்பக்கம்தான் போவார். கூடத்தில் நாற்காலி போட்டு, "உக்காருங்க மேடம்" என்று வீட்டுக்காரர்கள் உபசரித்துக்கொண்டிருப்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே பழப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, சமையலறையைத் தாண்டி, துணி துவைக்கிற கல்வரை போய் நின்றுவிட்டு வருவார். கலியாண வீட்டில் பந்தலில் உட்கார மாட்டார். பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போவார். சாவு வீட்டில் பெட்டியைச் சுற்றி அழுகிறவர்களை விட்டுவிட்டு, கொல்லையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும் மருமகள் பக்கத்தில் போய் நிற்பார். சிலருக்கு இது கரிசனமாகத் தெரிந்தது. சிலர், "அந்தம்மாவுக்கு ஊரான் வீட்ட மோப்பம் புடிக்கலன்னா சோறு எறங்காது" என்றார்கள். நானும் ரொம்ப நாள் இந்த இரண்டாவது கட்சியில்தான் இருந்தேன்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்பதைப் படித்து முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். வீடு நெல்லித்தோப்பு. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அக்கா பிரெஞ்சு நாட்டில், துலூஸில் குடும்பமாக இருந்தார். மேடமும் அங்கேதான் படித்தார். அக்கா வீட்டுக்கு மேலேதான் விமானம் இறங்குகிற வழி. சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டிருக்கும்போது விமானம் வந்தால் எல்லோரும் கரண்டியைப் பிடித்தபடி வாயை மூடிக்கொள்வார்களாம். போனபின் விட்ட இடத்திலிருந்து பேசுவார்களாம். "அவங்களுக்குப் பழகிப்போச்சு. தொட்டில்ல இருந்த புள்ளைக்குத்தான் பழகல" என்று ஒருமுறை சொன்னார். அங்கேயே இருந்திருக்கலாமே, எதற்கு இந்த வெயிலுக்குத் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டால், "அலோர்..." என்று இழுத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். 'அப்புறம்', 'ஆகையால்', 'சரி விடு' எல்லாவற்றுக்கும் அவர் வீட்டில் அந்த ஒரு பிரெஞ்சு வார்த்தைதான்.

கடலூர் சாலையில் தவளக்குப்பம் போகிற வழியில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியின் பின்னால் எங்கள் தகர ஷெட். எங்கள் வேலை என்ன என்று யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். சத்தத்தைப் போட்டுச் சத்தத்தை அடக்குவது. என் அம்மா, "எரியிற நெருப்புல எண்ணெய ஊத்துறதுக்கா இவ்ளோ படிச்ச?" என்று கேட்டாள். ஆனால் விஷயம் நிஜம். ஒலி என்பது காற்றில் ஏறி இறங்குகிற அலை. அது ஏறுகிற அதே நேரத்தில் இறங்குகிற அலை ஒன்றை அதன்மேல் சரியாக விட்டால், இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துவிடும். காதுக்கு எதுவும் மிஞ்சாது. விமான எஞ்சினின் முகப்பில் சுழலும் பெரிய விசிறி ஊளையிடுகிறதே, அந்த ஊளையை இப்படி அடக்க முடியுமா என்பதுதான் மேடத்தின் கேள்வி. ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு குழாய், அதற்குள் ஒரு விசிறி. குழாயின் வாயைச் சுற்றி வளையமாகப் பன்னிரண்டு ஸ்பீக்கர். எதிரே அரைவட்டமாக மைக்குகள். மிச்சச் சத்தம் எவ்வளவு என்று மைக் வழியாகக் கேட்டுக் கேட்டு, கம்ப்யூட்டர் அந்த ஸ்பீக்கர்களைத் திருத்திக்கொண்டே இருக்கும். மைக் இருக்கிற இடத்தில் அமைதி வரும்வரை விடாது.

கம்ப்யூட்டருக்கு மைக் இருக்கிற இடம்தான் உலகம். மற்ற இடத்தில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது, கவலையும் கிடையாது. அந்தக் கவலைக்குத்தான் மேடம் இருந்தார். விசிறி ஓடும்போது காதுமூடியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, ஷெட்டைச் சுற்றி நடப்பார். தூணுக்குப் பின்னால் நிற்பார், மண்டியிடுவார். ஒருமுறை ஏணியில் ஏறித் தகரத்தில் காதை வைத்தார். நான் எழுதிய அறிக்கை ஒன்றில், 'அந்த இடத்தில் மைக் இல்லை' என்று ஒரு வரி இருந்தது. அந்தத் தாளை என் முன்னால் போட்டு, "மைக் இல்லன்னா காதும் இல்லியா மணி? ரெண்டு காதையும் வீட்டுல கழட்டி வெச்சுட்டா வந்தீங்க?" என்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது மொத்தமாக ஒரு நாலு தடவை இருக்கும். அதில் அது ஒன்று.

மாதா கோயிலிலும் இதே கூத்துதான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் போய் உட்காருவார். அங்கே உட்காரும் கிழவிகளுக்குப் பிரசங்கம் ஒரு சொல்கூட விழவில்லை என்று சாமியாரிடம் போய்ச் சொல்லி, ஸ்பீக்கரைத் திருப்ப வைத்தார். அடுத்த வாரம் முன்வரிசைப் பெரிய மனிதர்களுக்குக் காது கேட்கவில்லை. சாமியார் நொந்துபோய், "நீங்களே வந்து பிரசங்கம் வெச்சிடுங்கம்மா" என்றாராம். வீராம்பட்டினம் தேருக்கு எங்கள் உறவுக்காரர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். தேரை அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை. குழாய் ஸ்பீக்கர் ஒன்று, பிள்ளை பெற்ற வீட்டு ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருந்ததைக் கண்டுபிடித்து, மைக்செட்காரனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். எனக்கு மானம் போயிற்று.

என் வீட்டுக்கும் வந்தார். நான் ஓமனில் ஐந்து வருடம் ஒரு குளிர்சாதன நிறுவனத்தில் கருவிகளைப் பழுதுபார்த்தவன். அங்கே இருந்தபோது சுமதிக்கு முதல் கரு கலைந்தது. பக்கத்தில் நான் இல்லை. அதனால்தான் ஊருக்கே திரும்பி, இந்த ஒப்பந்த வேலையில் சேர்ந்தேன். சேர்ந்த ஆண்டே இரண்டாவதும் போயிற்று. துக்கம் கேட்க வந்தவர்கள் கூடத்தில் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பேச்சையே இனி எடுப்பதில்லை என்று வீட்டில் முடிவுசெய்திருந்தோம். வீடு அமைதியாக இருந்தது, நானும் அதில் நிம்மதியாகத்தான் இருந்தேன். மேடம் வந்தார், அம்மாவைக் கும்பிட்டார், நேராகச் சமையலறைக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். உள்ளே என்ன பேசினீர்கள் என்று சுமதியிடம் கேட்டேன். "ஒண்ணும் பேசலங்க. கூட உக்காந்து வெங்காயம் உரிச்சாங்க. நான் அழுதேன், அவங்க உரிச்சிக்கினே இருந்தாங்க" என்றாள்.

மறுநாள் ஷெட்டில் வயரை முறுக்கிக்கொண்டே மேடம் சொன்னார்: "உங்க வீடு ரொம்ப அமைதியா இருக்குது மணி. எல்லார் சத்தத்தையும் அந்தப் பொண்ணு ஒருத்திதான் தாங்குது." எனக்குச் சுருக்கென்றது. அடுத்தவன் குடும்பத்தில் மூக்கை நுழைக்க இவர் யார் என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து சுமதியோடு பேச ஆரம்பித்தேன். அவள் அழுதால் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கப் பழகினேன். இதையும் சொல்ல வேண்டும்.

மைக் எல்லாம் பொருத்தியது நான்தான். ஆரம்பத்திலேயே மேடம், "பக்கவாட்டுலயும் நாலு வெச்சிடுங்க மணி" என்றார். குழாயின் வலதுபக்கம் ஷெட்டுக்கு வெளியே சரிவாகக் கூரை இறக்கிய ஒரு சார்ப்பு. கல்லூரியில் டீ போடுகிற செல்வி அக்காவின் அடுப்பு அங்கேதான். அந்தப் பக்கம் மைக் வைக்க வேண்டுமென்றால் முள்செடியை வெட்டி, தகரத்தைத் துளைத்து, கேபிளை வெளியே இழுக்க வேண்டும். எனக்குச் சோம்பல். "அங்க காத்து மேடம், தகரம் வேற அதிருது. மைக் கண்டதையும் எடுத்துக்கும், கம்ப்யூட்டர் கொழம்பிடும்" என்றேன். அதில் பாதி உண்மை. மேடம் யோசித்துவிட்டு, "சரி, பொறவு வெச்சிடுங்க" என்றார். "வெச்சிடுறேன் மேடம்" என்றேன். வைக்கவில்லை. திட்டத்துக்குப் பணம் கொடுக்கிறவர்களின் பரிசீலனைக் குழு வந்து உட்காரப்போவது முன்பக்கம்தானே என்று எனக்கு ஒரு கணக்கு. நாற்காலி போடுகிற இடத்தைச் சுற்றி நெருக்கமாகவே மைக்குகளை வைத்தேன். விருந்தாளி உட்காருகிற இடத்தை மட்டும் பெருக்கித் துடைக்கிற புத்தி.

குழு வருவதற்கு ஒரு வாரம் முன்னால்தான் விசிறியை முதன்முதலாக முழு வேகத்தில் ஓட்டினோம். அந்தச் சமயம் சுமதி மூன்றாவது முறையாக உண்டாகியிருந்தாள். ஐந்தாம் மாதம். எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் கட்டிலில் படுக்கவைத்துவிட்டார். திட்டம் நீடித்தால் எனக்கு இங்கே வேலை. நிறுத்தப்பட்டால், ஓமனில் பழைய இடம் காத்திருந்தது. ஏஜெண்ட் தினமும் போன் செய்துகொண்டிருந்தான். நான் போனால் என்ன ஆகும் என்று எனக்கும் சுமதிக்கும் தெரியும்.

முழு வேகத்தில் எங்கள் ஏற்பாடு அற்புதமாக வேலை செய்தது. ஊளை வருகிறது, ஸ்பீக்கரை இயக்குகிறோம், ஊளை உட்கார்ந்துவிடுகிறது. திரையில் கோடு சரிவதைப் பார்த்து மேடம் குழந்தை மாதிரி கை தட்டினார். இரண்டு நாள் திரையை விட்டு நகரவில்லை. சுற்றி நடக்கவும் இல்லை. அந்த இரண்டாம் நாள் நான் டீ வாங்கச் சார்ப்புப் பக்கம் போனேன். விசிறி ஓடிக்கொண்டிருந்தது, ஸ்பீக்கர்களும் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே ஊளை உட்காரவில்லை. முன்பைவிடக் கூராக, காதுக்குள் துளைபோடுகிற மாதிரி எழும்பிக்கொண்டிருந்தது. நான் டீயை வாங்கிக்கொண்டு வந்து மேடத்திடம் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

சொன்னது செல்வி அக்கா. மூன்றாம் நாள் காலையில் டம்ளர்களை எடுக்க வந்தவர், காதில் பஞ்சு வைத்திருந்தார். "இன்னாக்கா பஞ்சு?" என்று மேடம் கேட்டார்.

"அத்த ஏன் கேக்குற டாக்டரம்மா. முன்னல்லாம் மிஷின் போட்டா சும்மா ஊய்ன்னு இருக்கும், கெடக்குது சனியன்னு உட்டுடுவேன். இப்ப நீங்க அந்தப் பொட்டிய எல்லாம் போட்டீங்கன்னா காதுல ஊசி ஏத்துது. ராவுக்குப் படுத்தா தலைய சுத்துது."

மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. காதுமூடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சார்ப்புக்கு ஓடினார். அடுப்பு பக்கத்தில் நின்று, ஸ்பீக்கரைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினார். போட்டேன். அவர் கை மேலே போயிற்று, சத்தம் ஏறுகிறது என்று அர்த்தம். நிறுத்தச் சொன்னார், நிறுத்தினேன். கை இறங்கியது. இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. அதற்குப் பிறகு கையைக்கூடத் தூக்காமல் தண்ணீர்க் கேன்மேல் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் சத்தத்தை அடக்கவில்லை. முன்னால் உட்காருகிறவர்களிடமிருந்து எடுத்துப் பக்கத்தில் நிற்பவள் காதில் ஊற்றியிருக்கிறோம். போர்வை குட்டை, தலைப்பக்கம் இழுத்தோம், கால் வெளியே வந்துவிட்டது.

அதன்பிறகு நான்கு நாட்கள். அந்த நான்கு நாட்களைப் போல ஒரு மனுஷி தவித்து நான் பார்த்ததில்லை. முள்ளை வெட்டி, தகரத்தைத் துளைத்து, அன்றைக்குச் சோம்பேறித்தனத்தில் விட்ட நாலு மைக்கையும் வைத்தேன். வலப்பக்கம் அடங்கியது, இடப்பக்கம் எழும்பியது. இடப்பக்கமும் வைத்தோம், பின்னால் எழும்பியது. எல்லாப் பக்கமும் சேர்த்து அடக்கச் சொன்னால் பன்னிரண்டு ஸ்பீக்கருக்கும் சக்தி போதவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று எரிந்தன. இன்னொரு வளையம் ஸ்பீக்கர் இருந்தால் முடியும் என்றார் மேடம். அதற்குக் குழாயையே நீளமாக்க வேண்டும், ஆறு மாத வேலை. சாப்பிடாமல், மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரைப் பிரெஞ்சில் திட்டிக்கொண்டு, ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாக அரை விரற்கடை தள்ளிப் பார்த்தார். கடைசியாக, கருகிய நாற்றத்துக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

"செல்வி அக்கா அடுப்ப வேற எடத்துக்கு மாத்திடலாம் மேடம். ஆள் இல்லாத பக்கமாத் தள்ளிடலாம்" என்றேன்.

"பிளேனுக்குக் கீழ ஆள் இல்லாத பக்கம் எது மணி?"

நான் எரிந்த ஸ்பீக்கர்களைக் கழற்ற ஆரம்பித்தேன்.

குழு வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், நடந்ததைக் குழுவிடம் அப்படியே சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். சொன்னால் திட்டம் நிற்கும் என்பது அவருக்கும் தெரியும். அந்தக் குழுவின் தலைவர் ஏற்கெனவே இரண்டு கல்லூரிகளில் இதைவிடச் சின்னக் குறைக்காகத் திட்டத்தை மூடியவர். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சொல்லாதீங்க மேடம்."

"மணி..."

"பொய் சொல்ல வேணாம். நாமளா சொல்லாம இருந்தாப் போதும். அடுத்த கட்டம் வந்ததும் சரி பண்ணிக்கலாம். இது நின்னுபோச்சுன்னா நான் கெளம்பிடணும் மேடம். சுமதிய இப்புடிப் போட்டுட்டு நான் எப்புடிப் போவேன்? நீங்க கூட உக்காந்து வெங்காயம் உரிச்சீங்களே, அவதான் மேடம். ரெண்டு தடவ ஆச்சு. இதுவும் போச்சுன்னா அவ இருக்க மாட்டா."

எதைச் சொன்னால் அவர் உடைவார் என்று தெரிந்தேதான் சொன்னேன். "அலோர்..." என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு வேறு பேச்சு எதுவும் வரவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் குழு வந்தது. மூன்று பேர். நான் துடைத்துவைத்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். விசிறி ஓடியது, பேசினால் கேட்காது. மேடம் விசையைத் தட்டினார். ஊளை மளமளவென்று இறங்கி, வெறும் காற்றுச் சத்தம் மட்டும் மிஞ்சியது. தலைவர் வாயைப் பிளந்தார், பிறகு சிரித்தார், எழுந்து நின்று கை தட்டினார். மூன்று பேரில் ஒருவர் மட்டும், வயதில் சின்னவர், குறிப்பேட்டைப் பார்த்தபடி கேட்டார்: "பக்கவாட்டுல எப்படி இருக்கு மேடம்?"

முந்தின நாளே எரிந்த ஸ்பீக்கர்களுக்குப் பதில் புதியவற்றை மாட்டி, பக்கவாட்டு மைக்குகளைக் கழற்றி, தகரத்தின் ஓட்டையைக் காகிதம் ஒட்டி மறைத்துவைத்திருந்தேன். மேடம் என் பக்கம் திரும்பவில்லை.

"அங்க மைக் வைக்கல சார்" என்றார்.

சின்னவர் குறித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துச் செல்வி அக்கா தட்டில் டீயோடு சார்ப்பிலிருந்து உள்ளே வந்தார், காதில் பஞ்சோடு. தலைவர் டம்ளரை எடுத்துக்கொண்டு, "டீ பிரமாதம்மா" என்றார். செல்வி அக்காவை யாரும் வேறெதுவும் கேட்கவில்லை.

திட்டம் நீடித்தது. நான்கு மாதம் கழித்து எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்லபடியாக, முழுசாக, கத்திக்கொண்டு பிறந்தது. நான் செய்ததற்கு வருத்தப்படுகிறேன் என்று சொன்னால் பொய். வருத்தமே இல்லை என்று சொன்னாலும் பொய். மேடம் மருத்துவமனைக்கு வந்தார். அன்றைக்கு மட்டும் எந்தப் பின்பக்கமும் போகாமல், நாங்கள் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கோயிலிலும் இப்போதெல்லாம் நடு வரிசையில் உட்காருகிறார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குப் பயம்.

அடுத்த ஒன்றரை வருடமும் இரண்டாவது வளையத்துக்காக அவர் முட்டாத சுவர் இல்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரே பதில். உங்கள் ஏற்பாடு நன்றாகத்தானே வேலை செய்கிறது, எதற்கு இன்னொன்று? எங்கள் பொய்யே எங்கள் வழியில் கல்லாக உட்கார்ந்திருந்தது. செல்வி அக்காவின் அடுப்பை அவர் கேண்டீன் பக்கம் மாற்றிக் கொடுத்தார். அதற்குள் செல்வி அக்காவுக்கு வலது காது மந்தமாகிவிட்டது. "வயசாவுது டாக்டரம்மா, வேற இன்னா" என்று செல்வி அக்கா சொல்ல, மேடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அன்று மேடம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

பிறகு அந்தச் செய்தி வந்தது. எங்கள் ஏற்பாட்டை அப்படியே வெளியூரில் ஒரு எஞ்சின் சோதனைக் கூடத்தில் பொருத்தப்போகிறார்கள். அங்கே குழாயின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று வேலை செய்கிற இடம். கடிதத்தைப் படித்துவிட்டு மேடம் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். குழுவுக்கு எழுதிய கடிதம். பக்கவாட்டில் சத்தம் கூடுவது தனக்கு அன்றே தெரியும், மறைத்தது தவறு, ஏற்பாட்டை எங்கும் பொருத்த வேண்டாம் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு வரி: 'என் உதவியாளருக்கு இது தெரியாது.'

"மேடம், இது..." என்று ஆரம்பித்தேன்.

"பாப்பா நடக்குறாளா?"

"நடக்குறா மேடம்."

"அப்ப சரி. கேட்டாங்கன்னா தெரியாதுன்னு மட்டும் சொல்லிடுங்க. அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்."

நானும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். தாளை மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

விசாரணை கல்லூரியின் கூட்ட அறையில் காலையில் நடந்தது. தலைவரோடு சேர்த்து அதே மூன்று பேர். மேடம் எனக்கு எதிரே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைவர் அவரிடம் கேட்டதை எல்லாம் நான் இங்கே எழுத மாட்டேன். இருபது வருடப் படிப்பையும் உழைப்பையும் பத்து நிமிடத்தில் உரித்துக் கீழே போட்டார். மேடம் ஒவ்வொன்றுக்கும், "ஆமா சார்", "என் தப்புதான் சார்" என்றார். இனி எந்த ஆய்வுத் திட்டத்திலும் அவர் பெயர் இருக்காது என்று தலைவர் சொன்னபோதும், "சரி சார்" என்றார். அழவில்லை.

கடைசியில் தலைவர் என் பக்கம் திரும்பினார். "மணிகண்டன், பக்கவாட்டுல சத்தம் கூடுதுன்னு உங்களுக்கு அப்பத் தெரியுமா?"

"தெரியாது சார்."

எதிரே மேடம் மெல்லத் தலையசைத்தார், சரியாகச் சொல்லிவிட்டீர்கள் என்கிற மாதிரி. தலைவர் பேனாவை மூடிவைத்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அந்தச் சின்ன வயதுக்காரர் தன் பழைய குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் நான் முந்திக்கொண்டேன்.

"மைக் எல்லாம் மேடம் சொன்ன எடத்துலதான் சார் வெச்சேன். பக்கத்துல வேணாம்னு அவங்கதான் சொன்னாங்க."

மேடத்தின் தலையசைப்பு பாதியில் நின்றது. மைக்கைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவே இல்லை.